முதல் மனுதாரர்

வக்கீல் லெரோத்தோலி என்னிடம் கேட்டது
ஒரே ஒரு ஆள்.
தேதி தெரிந்திருக்க வேண்டும்.
கூப்பிட்ட நேரம் போனில் பதிவாகியிருக்க வேண்டும்.
கூண்டில் அழலாம், அளவோடு.
ஊரில் யாரும் குறை சொல்லாத ஆளாக இருந்தால் நல்லது.

எமாசிமினிக்குப் போகும் செம்மண் பாதையில்
பதினோரு நாள் நடந்தேன்.
பையில் பிரமாணப் பத்திரங்கள், மைத்திண்டு,
உலர்ந்துபோன ரொட்டி.
குன்றுச் சரிவில் நீலமும் பச்சையும் பூசிய வட்ட வீடுகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு மரணம்
எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீர்களா?
கூப்பிட்டோம்.
வந்ததா?
ஸோலிலே மட்டும் சிரித்தான்.
'வந்ததே, மந்திரி கூட்டத்துக்கு வந்தபோது
அவர் காருக்குப் பின்னால்.'

நொஃபெஸிலேயின் மகனுக்கு ஆறு வயது.
ஜூலை மாதம், மூச்சுத் திணறல்.
சிமெண்ட் அள்ளும் ஒற்றைச்சக்கர வண்டியில்
கம்பளி விரித்து அவனைப் படுக்கவைத்து
பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறாள்.
'பாலத்தருகே இருமல் நின்றது.
தூங்கிவிட்டான் என்று
அதற்குமேல் மெதுவாகத் தள்ளினேன்.'

என் பேனா நின்றது.
அவள் நிற்கவில்லை.
'அன்று சாயங்காலம் குடித்திருந்தேன்.
அதையும் எழுது.'

எழுதினேன்.

லெரோத்தோலி படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்,
ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:
'எதிர்த்தரப்பு இந்த ஒரு வரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
அப்புறம் ஆம்புலன்ஸைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.'
அவர் சொன்னது சரி.
இன்றைக்கும் சரி.
சரியாக இருப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புமேஸா தைவோ கிடைத்தாள்.
ஆரம்பப் பள்ளி ஆசிரியை, தேவாலயத்தில் கணக்கு எழுதுபவள்.
கணவனுக்குப் பக்கவாதம், நான்கு அழைப்புகள்,
நான்கும் போனில் அப்படியே இருந்தன:
11.40, 12.05, 12.50, 2.15.
அவள் முதல் மனுதாரர் ஆனாள்.
நொஃபெஸிலேயின் தாள்
'பயன்படாதவை' என்று நானே எழுதி ஒட்டிய கோப்புக்குப் போனது.
தீப்பிடித்தால் எந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு ஓடுவேன் என்று
சில இரவுகளில் யோசிப்பேன்.

மூன்று வருடம் வாய்தா.
நிதி இல்லை என்றது மாகாண அரசு,
சாலை சரியில்லை என்றது,
சாலையும் தன்னுடையதுதான் என்பதை மறந்துவிட்டு.
நீதிபதி ஒரு கேள்வி கேட்டார்:
'இந்த மாவட்டத்தில் இன்று ஓடுகிற வண்டிகள் எத்தனை?'
அரசு வக்கீல் தாள் புரட்டினார்.
புரட்டினார்.
அந்தச் சரசரப்பிலேயே ஜெயித்துவிட்டோம் என்றார் லெரோத்தோலி பிறகு.

தீர்ப்பு அறுபத்திரண்டு பக்கம்.
தொண்ணூறு நாளில் வண்டிகள் வர வேண்டும் என்றது.
வழக்கு முடிந்தது.
வழக்கம் மாற இன்னும் பதினேழு மாதம்,
இரண்டு அவமதிப்பு மனு.

சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இப்போது
'தைவோ' என்கிறார்கள்,
ஏதோ விதியின் பெயர்போல.
கடையில் சர்க்கரை வாங்கும்போது
அதே பெயரில் யாராவது கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்க ஒரு கணம் ஆகிறது என்கிறாள் புமேஸா.
கணவன் பெயர் தீர்ப்பில் ஒரே ஒரு முறைதான் வருகிறது,
அதுவும் எழுத்துப் பிழையோடு.

போன வாரம் புது ஓட்டுநன் ஒருவனைச் சந்தித்தேன்.
இரவில் எமாசிமினிக்குப் பிரசவ அழைப்பு.
வழி தெரியாமல் சுற்றியிருக்கிறான்.
பாதையோரம் டார்ச் விளக்கோடு ஒரு பெண்
கை காட்டி நிறுத்தி, முன்னால் ஏறிக்கொண்டாளாம்.
இடது, வலது, அந்த மரத்தைத் தாண்டி நேராக.
பாலம் வந்ததும்
'இங்கே நிறுத்தாதே, வேகமாகப் போ' என்றாளாம்.
பள்ளம் இருக்கிறதே என்று இவன் சொல்ல,
'தெரியும், போ.'

குழந்தை நன்றாக இருக்கிறது, பெண் குழந்தை, மூன்று கிலோ என்றான்.

அந்தப் பெண்ணின் பெயர் கேட்டாயா என்றேன்.

எதற்கு என்றான்.